துடுப்பு, படகு, தூண்டில்: கழிமுகத்தில் ஓர் அரைநாள் – முழுமையான வழிகாட்டி

கயாக் என்ற குறுகிய துடுப்புப் படகில் கரையை விட்டுப் போவது எவருக்கும் எளிது. திரும்பி வருவதில்தான் வேலை இருக்கிறது. காலையில் அசையாமல் கிடந்த தண்ணீர் மதியத்தில் எதிர்க்காற்றில் நுரைத்துக்கொண்டிருக்கும். ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், திசை மாறியிருக்கும். குடிநீர் தீர்ந்து, தோளும் ஓய்ந்திருக்கும். அதனால் இந்த வகைப் பயணத்தைத் திரும்பும் நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும். எத்தனை மணிக்குக் கரையில் இருக்க வேண்டும், அப்போது நீர் எந்தப் பக்கம் ஓடும், காற்று எங்கிருந்து வரும் என்ற மூன்றும் தெரிந்த பிறகே புறப்படும் நேரத்தைக் குறிக்கலாம். நல்ல கைடு இந்தக் கணக்கைத்தான் முதலில் போடுவார். அவர் போடும் கணக்கைப் புரிந்துகொள்ளவும், போடாதவரை அடையாளம் காணவும் இந்தக் கட்டுரை உதவும்.

ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் கரை, ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடா போன்ற துணை வெப்பமண்டலக் கரையோரங்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம். அலையாத்திக் காடு, கடற்புல் படுகை, சிப்பித் திட்டு, சேறு, இவற்றுக்கு நடுவே குறுகிய ஓடைகள். பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. ஆழம் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அரை அடி நீர் இறங்கினாலே வந்த வழி அடைபட்டுப் போகும் இடங்கள் இவை.

ஓதக் கணக்கு

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் உச்ச ஏற்றத்திலிருந்து அடுத்ததற்குச் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்றைய ஏற்றம் இன்று ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். மெக்சிகோ வளைகுடாவின் வடகரை போன்ற சில இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும், ஓட்டமும் கடுமையாக இருக்கும். அரைநிலா நாட்களில் எல்லாம் மந்தம். முதல்முறை போகிறவர்களுக்கு அரைநிலா வாரமே நல்லது.

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். வீச்சு 1.2 மீட்டர் என்றால் முதல் மணியில் 10 செ.மீ., இரண்டாவதில் 20, மூன்றாவது நான்காவதில் தலா 30, பிறகு 20, 10. அதாவது நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதி நீர் நகர்கிறது. வாய்க்கால் வாயில்களில் ஓட்டம் உச்சத்தில் இருப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

இதன் விலை என்ன என்று பாருங்கள். பழகாதவர் அமைதியான நீரில் மணிக்குச் சுமார் 5 கி.மீ. போவார். எதிரே 2 நாட், அதாவது 3.7 கி.மீ. வேகத்தில் நீர் வந்தால் மிச்சம் 1.3 கி.மீ.தான். ஓட்டத்தோடு கால் மணியில் கடந்த 2 கி.மீ. தூரத்தைத் திரும்பக் கடக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். தோள் பலத்தால் இதை ஈடுகட்ட முடியாது. காத்திருக்கலாம், இல்லையென்றால் ஓட்டம் தளர்வாக இருக்கும் கரையோரமாகவே ஒட்டி வரலாம்.

இடத்தைப் பொறுத்துத் திட்டம் மாறும். திறந்த விரிகுடாவுக்குப் போனால் வற்றத்தின் கடைசிப் பகுதியில் புறப்பட்டு ஏற்றத்தோடு திரும்புங்கள். முற்பகலில் எழும் கடற்காற்றும் முதுகுப் பக்கம் இருந்து தள்ளும். அலையாத்தி ஓடைக்குள் போவதற்கு இது ஒத்துவராது. அங்கே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி முன்பு நுழைந்து, உச்சம் கடந்து ஒரு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஏறும் நீரில் தரைதட்டினால் பத்து நிமிடத்தில் மிதப்பீர்கள். உச்சம் கடந்து ஒரு மணி கழித்துத் தட்டினால், அதே மட்டத்துக்கு நீர் மீண்டும் வர ஏறத்தாழ பத்து மணி நேரம் ஆகும். இறங்கி நடக்கலாம் என்றால் சேறு தொடை வரை இழுக்கும்.

ஓத அட்டவணையில் உள்ள நேரம் குறிப்பிட்ட ஓர் அளவீட்டு நிலையத்துக்கானது. ஓடைக்குள் போகப்போக ஏற்றம் தாமதமாகும், சில இடங்களில் ஒரு மணிக்கும் மேல். கரை நோக்கி அடிக்கும் பலத்த காற்று நீரைக் கூட்டும், எதிர்த்திசைக் காற்று குறைக்கும். இது எந்த அட்டவணையிலும் இருக்காது. உள்ளூர்க் கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த அறிவுக்குத்தான்.

காற்று, இடி, குளிர்

பழகாதவர்களுக்கு 10 நாட், அதாவது மணிக்கு 18 கி.மீ. வரை சரி. 10 முதல் 15 வரை என்றால் மறைவான ஓடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 15-ஐத் தாண்டினால் நாளை மாற்றுங்கள். கருவி இல்லாவிட்டாலும் நீர்ப்பரப்பு முழுக்க வெண்ணுரை முகடுகள் தெரிந்தால் அதுவே பதில். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக மோதும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். காற்றின் வேகம் கூடாமலே, ஓதம் திரும்பிய அரை மணியில் நிலைமை மாறிவிடும்.

ஏமாற்றுவது கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று. கரையோரம் மரங்களின் மறைவில் நீர் அமைதியாகத் தெரியும். அரை கி.மீ. வெளியே போனதும் பிடித்துத் தள்ள ஆரம்பிக்கும். பிறகு ஒவ்வொரு துடுப்பும் எதிர்நீச்சல்தான்.

கோடையில் கடற்காற்று வலுக்கும் பிற்பகலில் இடிமேகங்கள் திரளும். விடியலில் இறங்கி நண்பகலுக்குள் கரையேறுவது என்ற பழக்கம் அதனால் வந்ததுதான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடி என்றால் தூரம் சுமார் 10 கி.மீ., அடுத்த மின்னல் உங்கள் தலைமேல் இறங்கக்கூடிய தூரம். எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். இடி காதில் விழுந்தாலே கரைக்குத் திரும்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி இறங்கலாம். கார்பன் தூண்டில் கோல் மின்சாரம் கடத்தும். நிமிர்ந்து நிற்கும் கோல்களை மடக்கிப் படுக்க வையுங்கள்.

குளிர்காலத்தில் ஆழமற்ற நீர் விரைவில் குளிர்ந்துவிடும். 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் நீடித்த குளிரில் ஸ்னூக் மீன்களும் கடற்பசுக்களும் பெருமளவில் செத்தன. ஆளுக்கும் அதே நீர்தான். வெயில் அடித்தாலும் உடை நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப இருக்க வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே போனால் 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள நியோப்ரீன் ரப்பர் உடை தேவை.

கைடிடம் கேட்பது, சொல்வது

எத்தனை பேருக்கு ஒரு கைடு? மறைவான நீரில் ஆறு பேருக்கு ஒருவர் என்பது வசதியான அளவு; அதற்கு மேல் போனால் பின்னால் தங்குபவரைக் கவனிக்க இரண்டாவது ஆள் வேண்டும். எந்தக் காற்றில் ரத்து செய்வார்? எண்ணாகப் பதில் வர வேண்டும். "பார்த்துக்கலாம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். உதவிக்கு எப்படி அழைப்பார்? கைப்பேசியை மட்டும் காட்டினால் போதாது, கடல்சார் வி.எச்.எஃப். வானொலி இருக்க வேண்டும். அவசர அழைப்புக்கு அதில் 16-ஆம் அலைவரிசை. முதலுதவிப் பயிற்சி, காப்பீடு, மீன்பிடி உரிமம் யார் பெயரில் என்பதையும் கேட்டுவிடுங்கள். எந்த மீனை எந்த மாதத்தில், எந்த அளவில், எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

உங்கள் பக்கமும் மறைக்கக் கூடாது. நீச்சல் தெரியாது, தோள் ஒருமுறை இறங்கியிருக்கிறது, ஆஸ்துமா இருக்கிறது, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் கைடின் பாதைத் தேர்வையே மாற்றும்.

கயாக்கும் உடைமைகளும்

மீன்பிடிக்க மேலே அமரும் வகைக் கயாக்கே ஏற்றது. நீளம் 3 முதல் 3.6 மீ., அகலம் 75 முதல் 85 செ.மீ. வேகம் குறைவு, ஆனால் எளிதில் கவிழாது. கவிழ்ந்தாலும் நீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். உள்ளே அமரும் வகை வேகமானது. அதில் நீர் புகுந்தால் இறைக்க வேண்டும், மீண்டும் ஏற இன்னொருவர் துணை வேண்டும். உற்பத்தியாளர் குறிப்பிடும் சுமையில் எழுபது சதவீதத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நீர் இருக்கைக்குள் நிற்கும். இருவர் கயாக்கில் கனமானவர் பின்னால்.

துடுப்பின் நீளம் இந்த அகலத்துக்கு 230 முதல் 240 செ.மீ. குட்டையாக இருந்தால் முழங்கை கயாக்கின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும்.

உயிர்க்காப்பு அங்கியில் 50 நியூட்டன் என்று எழுதியிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு, கரை அருகே பயன்படுத்த. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்ப 100 நியூட்டனாவது வேண்டும். எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பின் யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி மோவாயைத் தாண்டி ஏறினால் பெரியது, மாற்றுங்கள். விசில் அங்கியிலேயே கட்டியிருக்கட்டும். பைக்குள் இருக்கும் விசில் கவிழ்ந்தவருக்கு உதவாது.

அரைநாளுக்கு ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் வையுங்கள். தாகம் வரும் வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் குடிப்பதுதான் முறை. பாதித் தண்ணீர் தீரும்போது நீங்கள் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். முழுக்கை உடை, கழுத்தை மூடும் துணி, 30-க்கு மேல் எஸ்.பி.எஃப். உள்ள வெயில் காப்புக் களிம்பு இரண்டு மணிக்கு ஒருமுறை. களிம்பு தடவிய கையோடு இரையைத் தொட வேண்டாம். தாமிர நிறப் போலரைஸ்டு கண்ணாடி அணிந்தால் நீர் மேற்பரப்பின் கூச்சம் போய்த் தரையும் மீனும் தெரியும். காலுக்குக் கெட்டி அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி. சிப்பித் திட்டில் செருப்பு நிற்காது.

கரையிலேயே பழக வேண்டியவை

துடுப்பைத் தலைமேல் வைத்து முழங்கை இரண்டும் செங்கோணமாக வளையும்படி பிடித்தால் அதுதான் கை இடைவெளி. குழிவான பக்கம் உங்களைப் பார்க்கட்டும். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏன் நகரவில்லை என்று கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. துடுப்பின் தட்டையான அலகைக் கால்விரல் அருகே முழுதாக இறக்கி, இடுப்பு வரை இழுத்து எடுங்கள். இடுப்புக்குப் பின்னும் இழுத்தால் கயாக் பக்கவாட்டில் திரும்பும், முன்னேறாது. விசை வயிற்றையும் முதுகையும் திருப்புவதில் இருந்து வர வேண்டும். கையால் மட்டும் இழுப்பவர் அரை மணியில் களைத்துவிடுவார். திரும்ப, முன்னிருந்து பின்வரை அகன்ற அரைவட்டம். நிறுத்த, இருபுறமும் மாற்றி மாற்றிக் குட்டையாகப் பின்னோக்கித் தள்ளல்.

பிறகு வேண்டுமென்றே கவிழுங்கள், இடுப்பளவு நீரில், கைடு பக்கத்தில் இருக்கும்போது. முதலில் கயாக்கையும் துடுப்பையும் விடாமல் பிடிப்பது. காற்று காலிக் கயாக்கை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும். அடுத்து, கவிழ்ந்த அடிப்பக்கத்தின் மேல் சாய்ந்து எதிர் விளிம்பைப் பிடித்துப் பின்னோக்கி விழுந்தால் அது நிமிரும். இருக்கைக்கு நேரே நின்று, கால்களை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு இருக்கையின் குறுக்கே வரும்வரை இழுங்கள். கால் கயாக்குக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் வரை எத்தனை பலம் இருந்தாலும் ஏற முடியாது. பெரும்பாலும் எல்லோரும் தோற்பது இங்கேதான். வயிறு ஏறியதும் புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். மூன்றாவது முயற்சியிலும் ஏற முடியாதவர் திறந்த நீருக்கு வரக் கூடாது. அவரை ஓடைப் பாதையில் அழைத்துப் போவதில் தவறில்லை.

ஓடைக்குள்

எல்லாத் திருப்பமும் ஒன்றுபோலவே தெரியும். எவர்கிளேட்ஸில் 99 மைல் நீளும் வனவழி நீர்ப்பாதையில் எண்ணிட்ட அடையாளக் கம்பங்கள் நட்டிருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு பிரிவிலும் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள், திரும்பும்போது அந்தக் காட்சிதான் எதிரே வரும். ஜி.பி.எஸ். இருந்தாலும் நீர்புகாத வரைபடமும் திசைமானியும் கைடிடம் இருக்க வேண்டும்.

கிளைகள் நெருங்கும் இடத்தில் துடுப்பை இரண்டாகக் கழற்றி ஒரு பாதியால் மட்டும் வலியுங்கள். தூண்டில் கோல்களைக் கிடையாகப் படுக்க வையுங்கள். முன்கயாக்குக்கும் உங்களுக்கும் இரண்டு கயாக் நீள இடைவெளி. ஓட்டம் உங்களை ஒரு வேருக்கோ கிளைக்கோ அழுத்தினால் அதை விட்டு விலகிச் சாயத்தான் தோன்றும். சாய்ந்தால் ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பு நீருக்குள் போய்க் கயாக் உடனே கவிழும். தடையை நோக்கிச் சாய்ந்து, அதைக் கையால் தள்ளி வெளியே வாருங்கள்.

தூண்டில்

முதலில் எங்கே, எப்போது. வற்றத்தில் காட்டுக்குள் ஏறியிருந்த இறாலும் சிறுமீனும் ஓடை வாய்கள் வழியே வெளியே இழுபடும். வேட்டை மீன்கள் அந்த வாய்களில் ஓட்டத்தைப் பார்த்தபடி காத்திருக்கும். ஏற்றத்தில் அதே மீன்கள் நீரோடு வேர்களுக்குள் போய்விடும். அப்போது வேர் விளிம்புக்கு ஒரு முழம் அருகே இரை விழ வேண்டும். நீர் ஓடாமல் நிற்கும் இடைவேளையில் கடி குறையும், சாப்பிட அதுவே நேரம். ஓடை வாய்க்கு 15 முதல் 20 மீட்டர் தள்ளி நின்று, ஓட்டத்துக்கு எதிரே வீசி, நீரே இரையைக் கொண்டுவரும்படி விடுங்கள். எதிர்நீச்சல் போடும் இறாலை எந்த மீனும் நம்பாது.

நங்கூரம் ஒன்றரை கிலோ மடக்கு வகை போதும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு. கட்டுவது முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும். நடுவில் பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் ஒரு விளிம்பை நீருக்குள் இழுத்துக் கவிழ்த்துவிடும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சும் கைக்கு எட்டும் கத்தியும் கட்டாயம்.

பொதுவான பயன்பாட்டுக்கு 7 அடி நடுத்தரக் கோல், 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் (நரம்பைச் சுற்றும் உருளை), 10 முதல் 15 பவுண்டு பின்னல் நரம்பு. முனையில் 20 முதல் 30 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர், 60 முதல் 90 செ.மீ. சிப்பியும் வேரும் பின்னல் நரம்பை உடனே அறுக்கும், லீடர் அதற்காகத்தான். டிராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி, நரம்பின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு: 10 பவுண்டு நரம்புக்குச் சுமார் 1.2 முதல் 1.5 கிலோ. கையால் இழுத்து மதிப்பிடாமல் சுருள் தராசில் அளந்து வையுங்கள்.

உயிர் இறாலைத் தலைக் கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் கோக்க வேண்டும். அந்தப் புள்ளியில் முள் பட்டால் இறால் செத்துவிடும். கடற்புல் மேல் என்றால் தக்கைக்குக் கீழே 45 முதல் 60 செ.மீ. விட்டு, இடையிடையே தக்கையை ஒரு வெட்டு வெட்டிச் சத்தம் எழுப்புங்கள். செயற்கை இரைக்கு 3.5 முதல் 7 கிராம் ஈயத்தலை முள் போதும்.

முள் வட்ட வகையாக இருக்கட்டும், அதன் முனையருகே உள்ள எதிர்முள்ளை நசுக்கி. இதில் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டும்: கடித்ததும் வெட்டி இழுத்தால் முள் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை பொறுத்து, நிதானமாகச் சுற்றினால் வாயோரத்தில் தானே மாட்டும்.

பெரிய மீன் கயாக்கையே இழுக்கும். இழுக்கட்டும். கோலைக் கயாக்கின் முன்முனைப் பக்கம் காட்டினால் கயாக் மீனைப் பின்தொடரும், மீனும் களைக்கும். பக்கவாட்டில் கோலை உயர்த்தி மல்லுக்கட்டுவதுதான் கவிழ்வதற்கு முதல் காரணம். வேரில் சிக்கிய முள்ளை உங்களை நோக்கி வெடுக்கென இழுக்காதீர்கள், விடுபட்டால் முகத்துக்கு வரும். எதிர்ப்பக்கம் போய் அங்கிருந்து இழுங்கள். பின்னல் நரம்பைக் கையில் சுற்றவே கூடாது, விரலை அறுக்கும்.

விடப்போகும் மீன் என்றால் ஈரக் கை, ரப்பர் வலை, குறடு மூன்றும் மீன் வருமுன்பே தயாராக இருக்கட்டும். உலர்ந்த கையோ துணியோ பட்டால் மேல்வழுவழுப்பு போய் நோய் தொற்றும். வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்குங்கள். வெளியே பத்து வினாடி போதும். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். விடும்போது தலை ஓட்டத்தைப் பார்த்திருக்கட்டும், தானே உதறிக்கொண்டு போகும்வரை பிடியுங்கள்.

மோட்டார் படகில் போனால்

ஓட்டுபவர் எஞ்சினை அணைக்கும் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்கிறாரா பாருங்கள். அவர் விழுந்தால் படகு வட்டமடித்து அவர்மேலேயே வரும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒன்று வர, ஒன்று கையிருப்பு. எஞ்சின் ஓடும்போது பின்னால் மெல்லிய நீர்த்தாரை வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் குளிர்விக்கும் வழியில் புல்லோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறது, உடனே அணையுங்கள்.

நீர்வழியின் ஓரத்தைக் காட்டும் மிதவைகளின் நிறங்களில் ஒரு சிக்கல் உண்டு. கடலிலிருந்து துறைக்குள் வரும்போது அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் சிவப்பு வலப்பக்கம். மற்ற பெரும்பாலான நாடுகளில் சிவப்பு இடப்பக்கம். வெளிநாட்டில் படகு எடுப்பவர்கள் இதைச் சரிபார்க்காமல் சாவியைத் தொட வேண்டாம்.

பின்னால் கலங்கல் தடம் தெரிந்தால் எஞ்சினின் விசிறி தரையைத் தொடுகிறது. கடற்புல்லில் விழும் அந்த வடு ஆற ஆண்டுகள் பிடிக்கும். தரைதட்டினால் விசையைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காமல் எஞ்சினை அணைத்து, தூக்கி, கழியால் ஊன்றி வந்த வழியே தள்ளுங்கள்.

காயங்கள்

ஆழமற்ற மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி அடங்கும். மார்பிலோ வயிற்றிலோ குத்திய முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கெளுத்தியின் முதுகு, பக்கத் துடுப்பு முட்களுக்கும் வெந்நீர்தான் மருந்து.

சிப்பிக் கீறலைச் சிறியது என்று விடக் கூடாது. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வகை பாக்டீரியா இருக்கும். நன்னீரும் சோப்பும் போட்டு உடனே கழுவுங்கள். சில மணி நேரத்தில் சிவந்து வீங்கி, காயத்துக்குப் பொருந்தாத வலி எடுத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள் திறந்த காயத்தோடு நீரில் இறங்கவே வேண்டாம்.

வெயிலில் பேச்சு குழறினாலோ, குழப்பமாகப் பதில் சொன்னாலோ அது வெறும் களைப்பில்லை, வெப்பத் தாக்கு. நிழல், உடம்பு முழுக்க நீர், விசிறல், அவசர அழைப்பு – எல்லாம் ஒரே நேரத்தில்.

கரை சேர்ந்ததும்

புறப்படுமுன் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவைத்த ஆளுக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். மறந்தால் உங்களைத் தேடிப் படகு புறப்படும். கயாக்கின் வடிகால் அடைப்பைத் திறந்து சாய்த்து வையுங்கள். உள்ளே அரை வாளிக்கு மேல் நீர் வந்தால் அடுத்த பயணத்துக்குமுன் விரிசலைத் தேட வேண்டும். எஞ்சினுக்குள் பத்து நிமிடம் நன்னீர் ஓட்டுங்கள். ரீலை மெல்லிய நீரால் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்ச் சேரும். உலர்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடி விட்டால் உள்வட்டுகள் அழுந்திப்போய், அடுத்த முறை நரம்பு சீராக ஓடாமல் விட்டுவிட்டுத் திமிறும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது அந்தத் திமிறலில்தான்.